தசைநாரின் எல்லையைப் பிரிக்க ஸ்மாஷா, செல்போஸா?

உறைய வைத்த சுண்டெலித் தசையை 10 மைக்ரான் தடிப்பில் குறுக்காகச் சீவி, நார்களைச் சூழ்ந்த உறையிலுள்ள லாமினின் என்ற புரதத்துக்குச் சாயமேற்றிப் படமெடுத்தால், ஒவ்வொரு தசைநாரைச் சுற்றியும் ஒளிரும் கோடு ஒன்று தெரியும். அந்தக் கோட்டுக்குள் அடங்கும் பரப்பை அளப்பதுதான் வேலை. ஒரே வெட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நார்கள் இருக்கக்கூடும் என்பதால் ஸ்மாஷ், செல்போஸ் போன்ற மென்பொருளை நாடுகிறோம்.

2014-இல் வெளியான ஸ்மாஷ், மேட்லேப் என்ற கணிப்பு நிரல்மொழியில் எழுதப்பட்டது. படத்தின் ஒளிர்வையே உயரமாகக் கொண்டு, இருண்ட நார்களைப் பள்ளமாகவும் லாமினினைக் கரையாகவும் பாவித்து, பள்ளங்கள் நிரம்பி நீர்ப்பரப்புகள் சந்திக்கும் இடத்தில் எல்லையிடும் நீர்ப்பிரிமேட்டு முறை இதற்கு அடிப்படை. அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வு வளாகத்தில் உருவான செல்போஸோ, 70,000-க்கு மேற்பட்ட பொருள்களைக் கண்டு பயின்ற நரம்பணி வலையமைப்பு (எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்கும் நிரல்). ஒவ்வொரு படப்புள்ளியும் தன் செல்லின் மையத்தை நோக்கி எத்திசையில் நகர வேண்டும் என்று கணித்து, ஒரே மையத்தில் சேரும் புள்ளிகளை ஒரு செல்லாகத் தொகுக்கிறது.

சாயம் சீராகப் பிடித்த ஆரோக்கியமான தசைக்கு ஸ்மாஷே போதும். அதை விட்டு மாற வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. லாமினின் விட்டுவிட்டுத் தெரியும் படங்களிலும், தசைச்சிதைவு நோய் ஆய்வில் பயன்படும் எம்டிஎக்ஸ் எலியின் அழற்சி செல்கள் நிறைந்த தசையிலும் நான் செல்போஸையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் இரண்டும் தவறும் விதம் வேறு. ஸ்மாஷில் கரை உடைந்தால் 2,000 சதுர மைக்ரான் கொண்ட இரு நார்கள் ஒட்டிக்கொண்டு 4,000 சதுர மைக்ரான் நாராகி, பரவல் வரைபடத்தின் வலக்கோடியில் துருத்திக்கொண்டு நிற்கும், பார்த்தவுடன் பிடிபட்டுவிடும். செல்போஸின் தவறுகளோ வழவழப்பான, நம்பத்தக்க எல்லைகளுக்குள் ஒளிந்துகொள்கின்றன. அதிலும் செல்லின் விட்டம் இவ்வளவு என்று நாம் கொடுக்கும் அளவுரு கவனத்துக்குரியது: செல்போஸுடன் வந்த 'சைட்டோ' என்ற முதல் பயிற்சி மாதிரி (மாடல்), சராசரி விட்டம் 30 படப்புள்ளிகளாகும்படி படத்தைச் சுருக்கியோ பெருக்கியோ ஆராய்வதால், பெரிய நார்களை மனத்தில் வைத்து விட்டத்தைக் கூட்டிக் கொடுத்தால், மீளுருவாகும் சிறு நார்கள் விடுபட்டுச் சராசரிப் பரப்பு பொய்யாக உயரும். 2022-இல் வந்த இரண்டாம் பதிப்பில், பயனர் தன் சொந்தப் படங்களில் 100 முதல் 200 எல்லைகளைத் திருத்திக் கொடுத்தே மாதிரியை மறுபயிற்சி செய்யலாம் என்று உருவாக்கியவர்கள் காட்டினர். சிதைந்த தசையை ஆராய்பவர் இந்த உழைப்பைத் தவிர்க்கக் கூடாது.

எல்லைக்குப் பிறகு வரும் வேலைகளில் ஸ்மாஷின் கை ஓங்குகிறது. நடுவில் உட்கரு கொண்ட நார்களை எண்ணுவதும் நார் வகை பிரிப்பதும் அதிலேயே உண்டு; செல்போஸ் எல்லையோடு நின்றுவிடுவதால், அதன் முடிவை ஃபிஜி என்ற பட ஆய்வு மென்பொருளுக்குக் கொண்டுபோய்த்தான் அளக்க வேண்டும்.

வெட்டு சாய்ந்திருந்தால் இரண்டுமே உதவாது. குறுக்குத் தளத்திலிருந்து 60 பாகை சாய்ந்த வெட்டில் நாரின் பரப்பு இரட்டிப்பாகத் தெரியும் என்பதால், எந்த மென்பொருளாயினும் பரப்போடு குறைந்தபட்ச ஃபெரே விட்டத்தையும் (நாரை இருபுறமும் தொடும் இணைகோடுகளுக்கிடையிலான மிகக் குறைந்த தூரம்) சேர்த்தே எடுக்க வேண்டும். சாய்வு அதை ஏறக்குறைய பாதிப்பதில்லை.