கீழமாசி வீதிக் கடைக்காரன் போன தத்துவ வகுப்பு

மதுரை கீழமாசி வீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். தல்லாகுளம் பக்கம் ஒரு வீட்டு மாடியில், ஞாயிறு மாலை 'பகுத்தறிவும் சுதந்திரமும்' என்று தமிழிலேயே வகுப்பு எடுக்கிறார்கள். 6 வாரம், 600 ரூபாய். பெரியார் மேடை மாதிரி சாமி உண்டா இல்லையா என்று அனல் பறக்கும் என நினைத்துத்தான் பணம் கட்டினேன். போய் உட்கார்ந்தால் முக்கால்வாசி இம்மானுவேல் கான்ட் என்ற 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் தத்துவவாதிதான். எப்படி வாழ வேண்டும் என்று சொல்லும் தகுதி பகுத்தறிவுக்கு உண்டா என்பதுதான் பேச்சு.

இரண்டாம் வாரம் எனக்கே வைத்த மாதிரி ஒரு கடைக்காரர் வந்தார். 1785இல் வந்த நூலில் கான்ட் சொல்கிற ஆள். விவரம் தெரியாத பிள்ளை வந்தாலும் எல்லோருக்கும் உள்ள விலைதான். நல்ல மனுஷன் என்றுதானே சொல்வோம்? பேர் கெட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று நேர்மையாக இருந்தால் அதில் அறத்தின் மதிப்பு இல்லை என்கிறார் கான்ட். எனக்குச் சுருக்கென்றது. சின்னப் பையனிடம் சீரகத்துக்கு 2 ரூபாய் கூட வாங்கினால் பத்தாவது நிமிஷம் அவன் அம்மா கடை வாசலில் நிற்பாள். அந்தப் பயத்தைக் கழித்துவிட்டால் என் நேர்மையில் என்ன மிஞ்சும்? தராசு வாடிக்கையாளர் கண்ணெதிரே இருக்கிறது, அதனால் என் நேர்மையைச் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. தன் உள்நோக்கம் தனக்கே முழுசாகத் தெரியாது என்று கான்ட்டும் ஒத்துக்கொள்கிறாராம். அதில் கொஞ்சம் ஆறுதல்.

நான்காம் வாரம்தான் உச்சம். ஆசைப்பட்டதைச் செய்வது சுதந்திரம் ஆகாது, அப்போது நம்மை இழுத்துப் போவது ஆசை. தன் அறிவு தனக்கே இட்ட சட்டத்துக்கு நடப்பதுதான் சுதந்திரம் என்றார் பேராசிரியர். அதற்கு 1788ஆம் வருஷ நூலிலிருந்து ஓர் உதாரணம். ஒரு நல்லவன் மேல் பொய்ச்சாட்சி சொல், இல்லையென்றால் உனக்குத் தூக்கு என்கிறான் அரசன். மறுப்பேன் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மறுக்க முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். மறுக்க வேண்டும் என்று உள்ளே ஒன்று சொல்வதால்தான் அது தெரிகிறதாம். மாடியில் ஒரு சத்தம் இல்லை, மின்விசிறி மட்டும் சுற்றியது.

குறைகளும் உண்டு. ஜெராக்ஸ் தாள் பாதி தெரியவில்லை. கான்ட்டுக்குப் பின் வந்த ஜெர்மன் தத்துவவாதி ஹெகலைக் கடைசி அரைமணி நேரத்தில் அடைத்தார்கள். குடும்பம், சமூகம், அரசு இவற்றுக்குள்தான் சுதந்திரம் நிஜமாகிறது என்ற அவர் வாதத்துக்கு இரண்டு வாரமாவது கொடுத்திருக்கலாம். பெரிய குறை வேறு. எனக்குப் பதிலாகப் புத்தகம் யோசிக்கும், பாதிரியார் மனசாட்சியாக இருப்பார், வைத்தியர் பத்தியம் சொல்வார் என்று கிடப்பவர்களைக் கான்ட் 1784இல் கேலி செய்திருக்கிறார். அதை விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் கை தூக்கினேன். "அண்ணாச்சி, சொல்றதை முதல்ல எழுதிக்குங்க, கேள்வி கடைசியில" என்றார் பேராசிரியர். கடைசி வரவே இல்லை. சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

ஆனாலும் 600 ரூபாய்க்குத் தாராளமாகப் போகலாம். இஞ்சி டீ நன்றாக இருக்கும். நாற்காலி பத்துதான், 5 மணிக்கே போய்விடுங்கள். வண்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டு நடக்க வேண்டும்.