மாசப் பெட்டியா, ஃபேன்சி ஸ்டோரா? நெயில் பாலிஷ் பிரியர்களுக்கு ஒரு காரைக்குடிக் கணக்கு

எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் அப்பத்தாவின் சீர்க் கொட்டான் ஒன்று இருக்கிறது. பனையோலையில் பின்னி, விளிம்புக்குச் சிவப்பும் பச்சையும் சாயம் ஏற்றியது. ஒரு காலத்தில் கல்யாண வீடுகளுக்குப் போய் வந்த அந்தக் கொட்டானில் இப்போது என்னுடைய நெயில் பாலிஷ் புட்டிகள் 31 நிற்கின்றன. மாதச் சந்தாப் பெட்டியில் வந்தவை 14. காரைக்குடி ஃபேன்சி ஸ்டோரில் எடுத்தவை 11. மிச்சம் 6 ஆன்லைனில் தேடித் தேடி ஒவ்வொன்றாக வாங்கியவை.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் தரையில் பரப்பி, எதில் எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஃபேன்சி ஸ்டோர் புட்டிகளில் முக்கால்வாசிக்கு அடி தெரிகிறது. பெட்டியில் வந்த 14-ல் 9 புட்டிகள் கழுத்து வரை அப்படியே இருக்கின்றன.

பார்க்க வேண்டி வந்தது தேவகோட்டையில் இருக்கும் சின்னத்தா மகளால். காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். "ஆச்சி, அந்த மாசப் பெட்டிக்கு நானும் பணம் கட்டட்டுமா?" என்று கேட்டாள். எங்கள் பக்கம் அக்காவைத்தான் ஆச்சி என்போம். சும்மா "கட்டு", "வேண்டாம்" என்று சொல்லிவிட மனசு வரவில்லை. அவள் சேர்த்து வைத்த காசு அது.

இந்தப் பெட்டி வியாபாரம் பிறந்தது அமெரிக்காவில். 2010-ல் நியூயார்க்கில் பெர்ச்பாக்ஸ் என்ற நிறுவனம் மாதம் ஒரு சிறு தொகைக்கு அழகுப் பொருள்களின் சாம்பிள்களைப் பெட்டியில் போட்டு அனுப்ப ஆரம்பித்தது. பிடித்தால் பெரிய புட்டியாக வாங்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு. நம் நாட்டிலும் அது பரவியது. இன்று எல்லோருக்கும் தெரிந்த சுகர் காஸ்மெடிக்ஸை நடத்துகிறவர்களே அதற்கு முன் ஃபேப் பேக் என்ற மாதப் பையைத்தான் விற்றார்கள். பணம் கட்டும்போது உங்கள் நிறம், தோல், பிடித்த வகை எல்லாம் கேட்பார்கள். மாதம் நாலைந்து பொருள் வரும். என்ன வரும் என்பது பெரும்பாலும் திறந்தால்தான் தெரியும்.

நான் எடுத்தது நெயில் பாலிஷுக்கு முக்கியத்துவம் தருவதாகச் சொன்ன ஒரு பெட்டி. ஆறு மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினேன். அந்த ஆறு மாதத்தில் எனக்குக் கிடைத்த நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிஜமாகவே நல்லது. இரண்டாவது பெட்டியில் ஒரு புட்டி வந்தது. பார்க்கக் கரும்பச்சை. கடையில் இருந்தால் நான் கை வைத்தே இருக்க மாட்டேன். போட்டுக் காய்ந்ததும் விரலைச் சாய்த்தேன். பச்சை செம்பாக மாறியது. இன்னும் சாய்த்தால் ஊதாவின் சாயல். மயில்கழுத்துப் பட்டு எப்படி நேராகப் பார்த்தால் ஒரு நிறம், மடிப்பில் ஒரு நிறம் காட்டுமோ அப்படி. பட்டில் பாவுக்கு ஒரு நிறம், ஊடைக்கு ஒரு நிறம். இதில் நூல் இல்லை. அப்ரகத் துணுக்குகளின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடை மெல்லிய படலமாகப் பூசியிருப்பார்கள். படலத்தின் மேலும் அடியிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து, பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப நிறம் மாறுகிறது. டுவோக்ரோம் என்பது இதுதான். அந்தப் புட்டி வராமல் இருந்திருந்தால் எனக்கு இப்படி ஒளியில் வித்தை காட்டுகிற எஃபெக்ட் பாலிஷ் மேல் இவ்வளவு ஆசையே வந்திருக்காது. பெட்டிக்கு அந்த ஒரு நன்றிக்கடன் எனக்கு உண்டு.

ஆனால் 14 புட்டியில் ஐந்து கிட்டத்தட்ட ஒரே இளஞ்சிவப்பு. மூன்று, ‘ந்யூட்’, அதாவது தோல் நிறம் என்று பெயர் போட்டவை. வெளுத்த தோலுக்கு வைத்த ந்யூட் அது. என் மாநிறக் கையில் போட்டால் சுண்ணாம்பு தொட்ட மாதிரி இருக்கிறது. நிறம் கேட்டுப் படிவம் நிரப்பச் சொன்னவர்கள் அதைப் பார்த்தார்களா என்று எனக்கு வருத்தம்தான். நாலாவது மாதம் ஒரு புட்டி மூடி தளர்ந்து ஒழுகி, பெட்டிக்குள் இருந்த கிரீம், பஞ்சு, வாழ்த்து அட்டை எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தது. படம் எடுத்து அனுப்பினேன். பதிலுக்கு அடுத்த மாதம் இன்னொரு இளஞ்சிவப்பு வந்தது.

தாமதத்துக்கு மட்டும் நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நெயில் பாலிஷ் சட்டென்று தீப்பிடிக்கிற திரவம்; விமானச் சரக்கில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. ரோட்டு வழியாக வந்தால் காரைக்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் புதுவயலுக்கு வந்து சேர நாள் ஆகத்தான் செய்யும். சித்திரை வெயிலில் வேனுக்குள் கிடந்து வருகிற புட்டி கொஞ்சம் கெட்டியாகவும் வரும்.

இனி ஃபேன்சி ஸ்டோர். காரைக்குடிக் கல்லுக்கட்டிப் பக்கம் நான் வழக்கமாகப் போகும் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் புட்டிகளை நிறவாரியாக நிறுத்தியிருப்பார்கள். "எந்தக் கலர் வேணும்த்தா?" என்று கேட்டபடியே கடைக்கார அண்ணன் நாலு புட்டியை எடுத்து மேசையில் வைப்பார். ஒரு புட்டியைக் குலுக்கி, அதற்குள் இருக்கும் குட்டி உருண்டை கடகடவென்று சத்தம் போடுவதைக் கேட்டு, சாம்பிள் புட்டியிலிருந்து என் சுண்டுவிரல் நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்ப்பேன். வெளியே வாசலில் வந்து வெயிலில் நீட்டிப் பார்ப்பேன். பிடித்தால் காசு, பிடிக்காவிட்டால் ரிமூவர் தொட்ட பஞ்சு. இந்த ஒரு கோட்டுக்கு ஈடாக எந்தப் பெட்டியும் எதையும் எனக்குத் தரவில்லை. நிறம் என்பது புட்டியில் இல்லை, நம் நகத்தில்தான் இருக்கிறது. அடி தெரிகிற புட்டிகள் எல்லாம் ஏன் இந்தக் கடையில் வாங்கியவை என்பதற்குக் காரணம் இதுவே.

கடையில் ஒன்றை மட்டும் கறாராகப் பாருங்கள். ரொம்ப மலிவான சில புட்டிகளில் நிறத்தின் நம்பரைத் தவிர ஒரு எழுத்தும் இருக்காது. தயாரித்தவர் பெயர், உரிம எண், பேட்ச் எண், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம் இல்லாத புட்டியை எவ்வளவு அழகான நிறமாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். டொலுயீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட் மூன்றும் இல்லை என்று போட்டிருந்தால் நல்லது.

கடையின் குறை, எஃபெக்ட். சாதா கிரீம் நிறம், மினுமினுப்பு, ஜிகினா. அதற்கு மேல் கேட்டால் அண்ணன் கையை விரித்துவிடுவார்.

அதனால் எஃபெக்ட் வேண்டும் என்கிறவர்களுக்கு மூன்றாவது வழியான ஆன்லைன் தேவைப்படுகிறது. பெட்டியாக இல்லை, பெயர் சொல்லி ஒவ்வொன்றாக. என்னுடைய 6 புட்டிகளும் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்று உண்டு: எஃபெக்டில் பெரும்பாலானது நிறத்தில் இல்லை, மேல்பூச்சில் இருக்கிறது.

ஆத்தங்குடிக்குப் போய்த் தரைக்கல் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் தகட்டு அச்சை இறக்கி, கட்டம் கட்டமாக நிறச் சிமெண்டை ஊற்றுவார்கள். பின்னால் சிமெண்டும் மணலும் போட்டு இறுக்கி, தண்ணீரில் ஊற வைத்து, கண்ணாடியைப் பிரிப்பார்கள். பளபளப்புக்காகத் தனியாக எதையும் பூசுவதில்லை. கண்ணாடியின் வழவழப்பு கல்லின் முகத்தில் இறங்கிவிடுகிறது. மேல் முகம் வழவழப்பாக இருந்தால் பளபளப்பு. சொரசொரப்பாக இருந்தால் ஒளி சிதறி மங்கல். மேட் டாப் கோட் செய்வதும் இதைத்தான். அதில் கலந்த சிலிகாத் துகள்கள் காய்ந்த பிறகு மேல் முகத்தைக் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பாக்குகின்றன. ஒரே ஒரு மேட் டாப் கோட் வாங்கினேன்; என்னிடம் இருந்த 11 நிறமும் 22 ஆனது. அரக்கு நிறத்தின் மேல் போட்டால் வெல்வெட் துணி மாதிரி இருக்கும். நுனியில் மட்டும் பளபளப்பை விட்டு மிச்சத்தை மேட் ஆக்கினால் ஒரே நிறத்தில் இரண்டு கரை வைத்தது போல இருக்கும்.

காந்தப் பாலிஷ் இன்னொன்று. அதற்குள் இரும்புத் துகள் இருக்கிறது. முதலில் கருப்பு ஒரு கோட் போட்டுக் காயவிட்டு, அதன் மேல் காந்தப் பாலிஷைக் கொஞ்சம் தாராளமாகப் பூசி, ஈரமாக இருக்கும்போதே காந்தத்தை நகத்தில் படாமல் ஒட்டிப் பிடிக்க வேண்டும். 15 நொடி போதும். துகள்கள் எழுந்து நகர்ந்து நடுவில் ஒரு வெள்ளிக்கோடாகச் சேருவதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். பூனைக்கண் என்பார்கள். இரண்டு நிமிஷத்தில் கோடு கலைகிற மாதிரி இருந்தால் திரும்பவும் காட்டுங்கள். ஐந்து விரலையும் பூசிவிட்டுக் காந்தம் எடுக்கக் கூடாது, முதல் நகம் அதற்குள் இறுகிவிடும். ஒவ்வொரு விரலாகத்தான் செய்ய வேண்டும். என் கையில் இருக்கிற எல்லாவற்றிலும் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

நிறத்தின் மேல் பூசுகிற ஹாலோகிராஃபிக் டாப்பரை டியூப்லைட் வெளிச்சத்தில் போட்டுப் பார்த்துவிட்டு ஏமாந்தேன் என்று நினைத்தேன். வெறும் சாம்பல். அடுத்த நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு வளவு வாசலில் வற்றல் காயப்போட்டபோது கையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். பத்து நகத்திலும் வானவில். அந்தத் துணுக்குகளில் மிக நுண்ணிய கோடுகள் வரிசையாகப் பதிந்திருக்கின்றன, சிடியின் அடிப்புறம் போல. நேர் வெயில் ஒரு புள்ளியிலிருந்து வருவதால் நிறங்கள் பிரிந்து தெரிகின்றன. வெயிலுக்குக் குறைவில்லாத நம் ஊரில் இதைவிடப் பொருத்தமான பாலிஷ் கிடையாது. கிராக்கிள் பாலிஷ் வாங்காதீர்கள். வெடித்த சுவர் மாதிரி இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

ஜெல் கிட்டும் இந்தப் போட்டியில் இருக்கிறது. விளக்கோடு சேர்த்து ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது, பெட்டிகளிலும் அனுப்புகிறார்கள். அதை நான் சின்னத்தா மகளுக்குச் சொல்ல மாட்டேன். சாதா பாலிஷ் கரைப்பான் ஆவியாகிக் காய்கிறது. ஜெல் அப்படி இல்லை, புற ஊதா ஒளி பட்டு வேதிவினையில் இறுகுகிறது. சரியாக இறுகாத ஜெல் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அது லேசில் போகாது. ஜெல்லில் சேர்க்கும் டிபிஓ என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுப் பொருள்களில் தடை செய்திருக்கிறார்கள். ஆசைக்கு ஒருநாள் போட வேண்டுமானால் பழக்கப்பட்ட பார்லரில் போட்டுக்கொள்ளலாம்.

நம் வீடுகளில் உண்மையான பரீட்சை அடுப்படியில்தான். வெள்ளைப் பாலிஷின் மேல் மேட் போட்டுக்கொண்டு உப்புக்கறிக்கு மஞ்சள் தடவிப் பிசைந்தேன். கழுவிப் பார்த்தால் பத்து நகமும் இளமஞ்சள். அதே வெள்ளைக்குப் பளபளப்பு டாப் கோட் போட்ட அன்றைக்குக் கறை பாதிகூட ஏறவில்லை. சொரசொரப்பான முகம் மஞ்சளைப் பிடித்துக்கொள்கிறது. மஞ்சளின் நிறம் வெயிலில் வெளிறும், அதனால் கொஞ்ச நேரம் துணி காயப்போட்டால் பெரும்பகுதி போய்விடும். இன்னொன்று: அடர்சிவப்பு, நீலம் போடும்போது அடியில் பூசும் பேஸ் கோட் இல்லாமல் போட்டால், நிறம் நகத்தில் இறங்கி, அழித்த பிறகும் கறையாக நிற்கும். மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்து காயவைத்தபோதெல்லாம் எனக்குக் குமிழ் வந்தது. தள்ளி உட்காருங்கள், மெல்லிய கோட்டாக இரண்டு முறை போடுங்கள்.

அப்பத்தா இதையெல்லாம் பார்த்துவிட்டு, "மருதாணிக்கு மேல ஒரு சாயம் உண்டாடி?" என்றார். நிற்கும் நாளை வைத்துப் பார்த்தால் அவர் சொல்வதை மறுக்க முடியாது. பாலிஷ் நகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் படலம். மருதாணியின் சாயமோ நகத்தின் புரதத்தோடு பிணைந்துவிடுகிறது. அழிப்பதற்கு வழியே இல்லை, வளர்ந்துதான் போக வேண்டும். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். முழுசாக மாற ஆறு மாதம் ஆகிவிடும். அந்த ஆறு மாதமும் வெளிர் நிறங்கள் எதுவும் நகத்தில் சரியாகத் தெரியாது, எல்லாவற்றிலும் செம்மண் சாயல் அடிக்கும். அரக்கும் செங்கல் சிவப்பும் மட்டும் அதன் மேல் இன்னும் ஆழமாகும். நிறம் மாற்றி மாற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவள் ஆடி மாதம் உள்ளங்கைக்கும் கால் விரலுக்கும் வைத்துக்கொண்டு கைநகத்தை விட்டுவிடலாம்.

சின்னத்தா மகளுக்கு நான் அனுப்பிய பதில் இது. பெட்டிக்குக் கட்டாதே. இரண்டு மாதச் சந்தாக் காசில் ஆன்லைனில் ஒரு பேஸ் கோட், ஒரு மேட் டாப் கோட், ஒரு காந்தப் பாலிஷ் வாங்கு. காசு மிஞ்சினால் ஒரு ஹாலோ டாப்பர். நிறத்துக்கு மட்டும் என்னோடு காரைக்குடிக் கடைக்கு வா. கண்டாங்கிச் சேலையிலிருந்து எடுத்துக்கொள்: அரக்கு, மாம்பழ மஞ்சள், கருப்பு, பச்சை. நாலு நிறம், மூன்று மேல்பூச்சு. இரண்டு மாதம் வாரத்துக்கு இரண்டு தடவை மாற்றினாலும் போட்டதையே போட வேண்டியிராது. அதற்குப் பிறகும் பெட்டியைத் திறக்கும் ஆசை விடவில்லை என்றால், உன் கூட்டாளிகள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு மூன்று பேராக ஒரே ஒரு சந்தா, அதுவும் மூன்று மாதத்துக்கு மட்டும். உனக்குச் சுண்ணாம்பாகத் தெரிகிற நிறம் அவர்களில் ஒருத்திக்கு எடுப்பாக இருக்கும்.

"சரி ஆச்சி. அந்தப் பச்சை செம்பா மாறுறதை மட்டும் எனக்குக் காட்டுவீங்களா?" என்று கேட்டாள்.

கழுத்து வரை நிறைந்திருக்கும் அந்த 9 புட்டிகளையும் ஒரு சின்னக் கொட்டானில் அடுக்கிவிட்டேன். அந்தக் கரும்பச்சையில் கால்வாசிதான் மிச்சம். அதையும் சேர்த்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை தேவகோட்டை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோகிறேன்.