பேனாவா, தட்டா? ஆறாத புண்ணுக்குக் குளிர் பிளாஸ்மா

பிளாஸ்மா என்றதும் கொரோனா காலத்தில் தானம் கேட்டு வந்த குறுஞ்செய்திகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது ரத்தத்தின் நீர்ப்பகுதி. இங்கே பேசப்போவது மின்னலிலும் டியூப்லைட்டுக்குள்ளும் இருக்கும், அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்துபோன, அதாவது அயனியாக்கப்பட்ட வாயுவைப் பற்றி. அதில் எலக்ட்ரான்கள் மட்டும் பல்லாயிரம் டிகிரிக்குக் கொதிக்க, கனமான அணுக்கள் உடல் வெப்பத்தை ஒட்டியே நின்றுவிட்டால் அது குளிர் பிளாஸ்மா. விரலை நீட்டினால் சுடாது.

மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும் புண்களுக்கு இதைப் பயன்படுத்துவதில் ஜெர்மனி முன்னே நிற்கிறது. அங்கே உருவான இரண்டு கருவிகள் 2013இல் ஐரோப்பியச் சந்தையில் விற்க வழிவிடும் சிஇ முத்திரையைப் பெற்றன. ஒன்று, கிரைஃப்ஸ்வால்ட் நகர ஆய்வாளர்களின் கின்பென் மெட். மற்றொன்று, டூடர்ஷ்டாட்டின் சினோஜி நிறுவனம் செய்த பிளாஸ்மாடெர்ம். இரண்டுக்கும் நோக்கம் ஒன்று. வேலை செய்யும் விதம் வேறு.

கின்பென் பெயருக்கேற்ற பேனாதான். உள்ளே ஆர்கான் வாயு ஓடுகிறது. முனையில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஊதா நிறத்தில் சிறு நாக்கு நீள்கிறது. செவிலியர் அதைப் புண்ணின் மேல் கோலமிடுவதுபோல் வளைத்து வளைத்து நகர்த்துகிறார். விரல் இடுக்கு, குழிவிழுந்த புண், ஓரம் மடிந்த புண் என்று எங்கும் போகும். தொந்தரவு நேரம்தான். சதுர சென்டிமீட்டருக்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் என்று வைத்தால், தீப்பெட்டி அளவுப் புண்ணுக்கே பத்துப் பதினைந்து நிமிடம் கை ஓயாமல் பிடித்திருக்க வேண்டும். ஆர்கான் சிலிண்டரும் கூடவே வர வேண்டும். வெல்டிங் பட்டறையில் நிற்பதும் ஆர்கான்தான் என்றாலும், இங்கே தேவைப்படுவது அதைவிட மிகத் தூய்மையானது.

பிளாஸ்மாடெர்முக்குச் சிலிண்டர் வேண்டாம். காப்புப் பொருள் போர்த்திய, தட்டு போன்ற மின்முனையைப் புண்ணுக்கு மேல் வைத்தால், இடையிலுள்ள சாதாரணக் காற்றே பிளாஸ்மாவாகிறது. மறுபக்கத்து மின்முனை எது தெரியுமா? நோயாளியின் உடம்பேதான். தோலில் லேசான குறுகுறுப்பு, அறையில் இடி விழுந்த பின் வருவது போன்ற ஓசோன் வாடை. அகன்ற பரப்பை 90 நொடியில் முடித்துவிடும். ஆனால் தட்டுக்கும் தோலுக்குமான இடைவெளி சீராக இருந்தால்தான் பிளாஸ்மா சீராகப் பிறக்கும். குதிகாலின் வளைவில் அது தடுமாறும்.

கிருமிகளைக் கொல்லும் என்பதைத்தான் எல்லோரும் முன்னால் வைக்கிறார்கள். ஆய்வகத் தட்டில் படர்ந்திருக்கும் பாக்டீரியாவின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தால், அந்தத் தடம் மட்டும் வெறுமையாக நிற்கும். பார்க்க அழகுதான். புண் ஆய்வகத் தட்டு அல்ல. ஜெர்மனியின் கார்ஷிங்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பங்கேற்று உருவான, மைக்ரோவேவில் இயங்கும் மூன்றாவது வகைக் கருவியை 36 நோயாளிகளிடம் சோதித்து 2010இல் முடிவு வெளியிட்டார்கள். தினம் ஐந்து நிமிடச் சிகிச்சை. கிருமிச் சுமை 34% குறைந்தது. புள்ளியியலில் அது உறுதியான வேறுபாடு. ஆனால் மணிக்கணக்கில் இரட்டிக்கும் உயிரிக்கு மூன்றில் ஒரு பங்கு இழப்பு ஓர் இரவுக்குக்கூடத் தாங்குமா என்பது என் சந்தேகம்.

கின்பென்னை வைத்து 2020இல் வெளிவந்த ஆய்வு இந்தச் சந்தேகத்துக்கு வலு சேர்க்கிறது. சர்க்கரை நோயால் பாதப்புண் வந்த நாற்பத்துச் சொச்சம் பேர். ஒரு பகுதியினருக்கு உண்மையான பிளாஸ்மா, மற்றவர்களுக்குப் போலிச் சிகிச்சை. பிளாஸ்மா பெற்றவர்களின் புண்கள் கூடுதலாகச் சுருங்கின. கிருமித்தொற்றிலோ இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை! அப்படியானால் புண்ணை ஆற்றியது கிருமிக்கொலை மட்டும் அல்ல. பிளாஸ்மாவில் பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு போன்ற வினைத்திறன் மிக்க மூலக்கூறுகள் திசுவின் செல்களையே தட்டி எழுப்புகின்றன என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். எனக்கும் அதுவே பொருந்துவதாகத் தோன்றுகிறது.

பிளாஸ்மாடெர்மின் கணக்கு இவ்வளவு திடமாக இல்லை. காலில் சிரைப் புண், அதாவது சிரைகளில் ரத்தம் சரியாக மேலேறாமல் வரும் புண், உள்ள 14 பேரிடம் அதன் முந்தைய வடிவத்தைச் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள். சிகிச்சை முடிந்த கையோடு பார்த்தால் கிருமி குறைந்திருந்தது. ஆனால் 14 பேரை இரண்டாகப் பிரித்தால் பக்கத்துக்கு ஏழே பேர். அதை வைத்து ஆறுவதைப் பற்றி அடித்துச் சொல்ல முடியாது.

இரண்டில் எதுவானாலும், அழுகிய சதையை வெட்டி எடுப்பதும், பாதத்தின் மேல் விழும் பாரத்தைக் குறைப்பதும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் தொடர வேண்டும்.

சர்க்கரை நோயாளியின் பாதப்புண் என்றால், நேரம் போனாலும் நான் பேனாவைத்தான் கேட்பேன். கணுக்காலுக்கு மேல் உள்ளங்கை அகலத்துக்குப் பரவிய சிரைப் புண்ணுக்குப் பேனா நடைமுறைக்கு ஒத்துவராது; அங்கே தட்டு. ஆனால் அதில் நோயாளியின் உடம்பே மின்முனையாவதால், அதை எடுக்கும் முன் உடம்பில் பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.