எஞ்சின் தட்டுற சத்தத்துக்கு வாங்குன மெக்கானிக் ஸ்டெதஸ்கோப்: அஞ்சுக்கு மூணரை

டாக்டர் கழுத்துல மாட்டியிருப்பாரே அதே சாமான் தான், நெஞ்சுல வைக்கிற வட்டத்துக்கு பதிலா நீளமா ஒரு இரும்புக் கம்பி இருக்கும், அவ்ளோதான் வித்தியாசம். ஆன்லைன்ல ஐநூறு ரூபாய்க்குள்ள கிடைக்குது. எனக்கு வந்ததுல பாக்ஸ்ல ஒரு பேரு, பில்லுல வேற பேரு, அதனால பிராண்ட விடுங்க, இந்த விலைல வர்றது எல்லாமே ஒரே அச்சு மாதிரி தான் தெரியுது.

வாங்குனது சித்தப்பாவோட மாருதி 800-க்காக. பழைய கார்பரேட்டர் மாடல், 796 சிசி, 3 சிலிண்டர். ஆயில் குடிச்சு நீலப்புகை விட ஆரம்பிச்சதால எஞ்சின இறக்கி, லேத் பட்டறைல போர் பண்ணி (சிலிண்டர் உள்பக்கத்த கடைஞ்சு பெருசாக்கி), 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், கிராங்குக்கு (பிஸ்டனுங்க சுத்தி விடுற தண்டு) புது ஷெல் பேரிங்னு எல்லாம் போட்டு ஏத்துனாங்க. ஸ்டார்ட் பண்ணா கீழ இருந்து டொக் டொக்னு ஒரு சத்தம், மேல டிக் டிக்னு இன்னொண்ணு. எஞ்சின் செஞ்சவர கேட்டா "புது எஞ்சின்ங்க, ரிங் செட் ஆகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும், ஓட ஓட சரியாயிருமுங்க"ங்கறார். இன்னொரு மெக்கானிக் பானட்ட தூக்குனதுமே "கான்ராட் பேரிங் போச்சு, இறக்கிடுங்க"னுட்டார் (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற ராடு தான் கான்ராட்). மொத ஆள் சொன்னது எனக்கு ஒத்துக்கவே இல்ல. ரிங் சிலிண்டரோட உரசி படிஞ்சு செட் ஆகுற வரைக்கும் ஆயில் கொஞ்சம் குறையும், லேசா புகை வரும், அதெல்லாம் சரி, ஆனா ரிங் செட் ஆகலைனு எந்த எஞ்சினும் டொக் டொக்னு தட்டாது. ரெண்டாவது ஆள் சொன்னது நடக்கக்கூடியது தான், ஆனா கேட்ட உடனே இறக்குறதுக்கு மறுபடியும் கேஸ்கட் செட், ஆயில், லேபர்னு யாரு அழுவுறது.

சரி, சாமானுக்கு வருவோம். காதுல மாட்டி கம்பி நுனிய வால்வ் கவர்ல வச்சா முதல்ல கேக்குற சத்தத்துல பயந்துருவீங்க, நல்லா இருக்குற எஞ்சினே உள்ள உடைஞ்சு கெடக்குற மாதிரி தான் கேக்கும். அதனால வாங்குனவுடனே பிரச்சனை இல்லாத ஒரு வண்டில வச்சு கேட்டு காத பழக்கிக்கோங்க, அது இல்லாம நேரா கோளாறான எஞ்சின்ல வச்சா எல்லாமே கோளாறா தெரியும். நீளமான ஸ்க்ரூடிரைவர் பிடிய காதுல வச்சு கேக்குற பழைய முறைக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கானு கேட்டா, சத்தம் கேக்குற அளவுல இல்ல, ஆனா ரெண்டு காதும் அடைபட்டு வெளிச்சத்தம் குறையுறதால ரெண்டு இடத்த ஒப்பிட்டு பாக்குறது இதுல ரொம்ப ஈசி. முக்கியமா மூஞ்சிய பெல்ட்டுக்கு பக்கத்துல கொண்டு போக வேண்டியதில்ல.

ஆனா ஒண்ண தெளிவா சொல்லிடுறேன், இந்த சாமான் சத்தம் எந்தப் பக்கம் ஜாஸ்தினு தான் சொல்லும், எந்த பார்ட்டுனு சொல்லாது. எஞ்சின் பிளாக் மொத்தமும் ஒரே இரும்பு, ஒரு மூலைல தட்டுனா எல்லா மூலைலயும் கேக்கும். எங்க வண்டில அந்த டொக் டொக் ஆயில் சம்ப் (எஞ்சின் அடில இருக்குற ஆயில் தொட்டி) மேல வச்சாலும் கேட்டுச்சு, பிளாக் நடுவுல வச்சாலும் கேட்டுச்சு, அதான் ரெண்டாவது மெக்கானிக்கு கான்ராடுனு தோணிருக்கு. அதனால இத வச்சு கேக்கும்போதே கூடவே நாலு வேலை செய்யணும்.

முதல் வேலை பிளக் வயர். எஞ்சின் ஐடில்ல ஓடும்போது இன்சுலேட்டட் பிளையர்ல ஒவ்வொரு சிலிண்டர் வயரா கழட்டி மாட்டிப் பாக்கணும். ஒரு சிலிண்டர் வயர கழட்டுனதும் தட்டுற சத்தம் நல்லா குறைஞ்சா அந்த சிலிண்டரோட கான்ராட் பேரிங்க சந்தேகப்படலாம், ஏன்னா அங்க எரியலைனா ராட் மேல விழுற அடி குறைஞ்சுரும். பிஸ்டன ராடோட கோக்குற பிஸ்டன் பின் லூஸா இருந்தா வயர கழட்டுனதும் சில சமயம் ஒத்தையா கேட்டது ரெட்டையா கேக்கும். கிராங்க பிளாக்குல தாங்குற மெயின் பேரிங்னா சத்தம் இன்னும் கனமா, லோடு குடுத்தா ஜாஸ்தியாகும், ஒரு வயர கழட்டுறதால பெருசா மாறாது. கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (சைலன்சர் பைப்ல புகைய சுத்தம் பண்றது) இருக்குற வண்டில இத ரொம்ப நேரம் பண்ணாதீங்க, எரியாத பெட்ரோல் நேரா அதுக்குள்ள போயி சூடேத்தி கெடுத்துரும்.

ரெண்டாவது, சத்தம் சூட்டோட மாறுதா. காலைல கோல்டு ஸ்டார்ட்ல பலமா தட்டி சூடானதும் அடங்குனா பெரும்பாலும் பிஸ்டன் ஸ்லாப் (பிஸ்டன் ஆடி சிலிண்டர் சுவத்துல அடிக்கிறது), அதாவது போர்ல கேப் ஜாஸ்தி, இல்ல பிஸ்டன் மேல இருக்குற அம்புக்குறிய திருப்பிப் போட்டிருப்பாங்க (பின் நடுவுல இல்லாம கொஞ்சம் ஒதுங்கி இருக்குறதே இந்த ஸ்லாப்ப குறைக்கத்தான், திருப்பிப் போட்டா அந்த வசதியே போச்சு). இதுக்கு நேர் எதிரா பேரிங் சத்தம் ஆயில் சூடாகி தண்ணியான பிறகு தான் ஜாஸ்தியாகும்.

மூணாவது ஆயில் பிரஷர். டேஷ்போர்டுல சிவப்பு லைட் அணைஞ்சிருச்சுனு நிம்மதியா இருக்காதீங்க, அந்த சுவிட்ச் பிரஷர் ரொம்ப ரொம்ப கீழ போனா தான் எரியும். சுவிட்ச கழட்டிட்டு அந்த இடத்துல முள்ளு கேஜ் மாட்டி சூடான எஞ்சின்ல பாக்கணும், பழைய மெக்கானிக்குங்க கணக்கு ஆயிரம் ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ. எங்களுது அதுக்கு மேலயே நின்னுச்சு. நாலாவது, ஆயில டிரெயின் பண்ணி வெயில்ல பாக்குறது. புது எஞ்சின்ல முதல் ஆயில்ல பொடிப்பொடியா மினுக்கம் இருக்கும், அது ரிங்கும் போரும் உரசி படியுறது. கைல தட்டுப்படுற மாதிரி செதிலு வந்தா பேரிங், அப்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது.

எங்க வண்டில என்ன ஆச்சுனா, எந்த பிளக் வயர கழட்டுனாலும் டொக் டொக் ஒரு துளி மாறல. கம்பிய பிளாக் ஓரமாவே நகத்திட்டு புல்லி பக்கம் வந்தா சத்தம் காத அடைக்குது. பெல்ட்ட கழட்டிட்டு கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டிப் பாத்தோம் (வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்ல சுத்துனா ரொம்ப நேரம் ஓட்டக்கூடாது), அப்பவும் அதே சத்தம், ஆக ஆல்டர்னேட்டர் இல்ல, பம்ப்பும் இல்ல. ஸ்பேனர வச்சுப் பாத்தா கிராங்க் புல்லி நடு போல்ட் கையோட கூட வருது! அசெம்பிள் பண்ணும்போது டார்க் ரெஞ்ச் (குறிச்ச அளவுக்கு இறுக்குற ஸ்பேனர்) காட்டவே இல்லனு தான் தோணுது. கொஞ்ச நாள் இப்படியே ஓட்டியிருந்தா கீ (புல்லி நழுவாம பூட்டுற சின்ன துண்டு) தேஞ்சு, அது உக்கார்ற கீவேங்குற பள்ளமும் கிராங்க் மூக்குல தேஞ்சு, போட்ட புது பேரிங் எல்லாத்தோட கிராங்கும் சேந்து போயிருக்கும். கழட்டி கீ நல்லா இருக்கானு பாத்து, டார்க் வச்சு டைட் பண்ணதும் டொக் டொக் மொத்தமா நின்னுருச்சு.

மேல கேட்ட டிக் டிக் தான் இந்த சாமான ரொம்ப சோதிச்சுது. டேப்பட்னு (வால்வ தள்ளுற பார்ட்) நினைச்சு அதோட கிளியரன்ஸ், அதாவது இடைவெளி செக் பண்ணோம், சரியா இருந்துச்சு. கம்பிய எங்க வச்சாலும் ஒரே மாதிரி. அப்புறம் கம்பிய கழட்டிட்டு வெறும் டியூப் வாய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (எஞ்சின்ல இருந்து புகை வெளிய வர்ற குழாய்) ஓரமா கொண்டு போனா புஸ் புஸ்னு ஒரு இடத்துல மட்டும் கேக்குது, கேஸ்கட் லீக். காத்து கசியுறது கம்பி வழியா கேக்காது, டியூப்ல தான் கேக்கும், அதனால கம்பி கழட்ட முடியாத மாடல் பாத்தீங்கனா வாங்காதீங்க. பாக்ஸ்ல இத பத்தி ஒரு வரி கூட எழுதல.

இப்ப மிச்சம் இருக்கறது கோல்டு ஸ்டார்ட்ல ரெண்டாவது சிலிண்டர் பக்கம் லேசா ஒரு ஸ்லாப், வண்டி கொஞ்ச தூரம் ஓடுனதும் காணாம போகுது, அதுக்காக எஞ்சின இறக்குற ஐடியா இல்ல.

ஒண்ணரை ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, காதுல வைக்கிற பிளாஸ்டிக் முனை கல்லு மாதிரி, கால் மணி நேரத்துல வலிக்குது, மெடிக்கல் ஷாப்ல சாஃப்ட் ரப்பர் முனை வாங்கி மாத்திக்கிட்டேன். கம்பி திருகுற மரை லூஸு, அதுவே ஆடி தனியா ஒரு சத்தம் போடுது, டெஃப்லான் டேப் ஒரு சுத்து சுத்துனா நிக்குது. டியூப் வேற தேவைக்கு மேல நீளம், எஞ்சின் ஓடும்போது பெல்ட்டுல மாட்டுனா கழுத்தோட இழுத்துரும், ரேடியேட்டர் ஃபேன் எப்ப வேணா தானா சுத்த ஆரம்பிக்கும்ங்கறதையும் மறக்காதீங்க, துண்டு, தொங்குற சட்டை எல்லாம் கழட்டி வச்சுட்டு டியூப்ப ஒரு கைல சுருட்டிப் பிடிச்சுக்கோங்க.