உப்புத் தண்ணியில வேலை செய்யிற பழைய ஹைலக்ஸ்: ரெண்டு வருசம் ஓடின பிறகு எழுதுறன்

திருகோணமலையில நிலாவெளி, சல்லி, குச்சவெளிப் பக்கம் போட் இழுக்க, ஐஸ் பெட்டி ஏத்த, வலை கொண்டு போக எண்டு பழைய ஃபோர் வீல் கெப் (பிக்கப்) தேடுற ஆக்களுக்காகத்தான் இதை எழுதுறன். என்ட கையில இருக்கிறது 1993ம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் எல்என் 106, டபுள் கெப், 2.8 லீட்டர் டீசல், டேர்போ இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. இதுக்கு முதல் வேற ஒரு கெப் வச்சிருந்தன். பெயின்ட் பளபளப்பு, எஞ்சின் சத்தமும் நல்லம், அதைப் பாத்திட்டு வாங்கிப் போட்டன். வாங்கி ஒன்பதாம் மாசம் சல்லிக் கரையில போட்டை ட்றெயிலர்ல ஏத்தி மேல இழுக்கேக்க கெபினுக்குப் பின்னால சேஸி (வண்டியைத் தாங்கிற அடிச்சட்டம்) மடிஞ்சது. பெரிய சத்தம் ஒண்டும் இல்லை, ஒரு முறுகல், அவ்வளவுதான், பின்னால சாமான் ஏத்திற பொடியும் கெபினும் முட்டிக்கொண்டு நிக்குது. பின்னால கயிறு பிடிச்ச பொடியனுக்கு ஒண்டும் நடக்கேல்ல, அது கடவுள் புண்ணியம். கீழ படுத்துப் பாத்தா கறள் தின்ன இடத்துக்கு மேல தகரம் ஒட்டி கறுப்புத் தார் அடிச்சிருக்கு.

அந்த இரவு கனடாவில, ஸ்காபரோவில இருக்கிற அத்தானோட கதைச்சனான். அவர் பனிக்காலத்தில விடியக்காலமை கடைகளிட பார்க்கிங்ல பனி தள்ளுறவர், பழைய ஃபோர்ட் எஃப் 250க்கு முன்னால பெரிய இரும்பு பிளேட் பூட்டி. "தம்பி, எஞ்சினைப் பிறகு பார், முதல்ல கீழ படு" எண்டார். அங்க றோட்டில ஐஸ் உருக உப்புப் போடுவாங்கள், அந்த உப்பு சேஸியையும் பிறேக் லைனையும் தின்னும், எஞ்சின் நல்லா ஓடிக்கொண்டிருக்கேக்கயே வண்டி குப்பைக்குப் போகுமாம். பனியும் கடலும் வேறதான், ஆனா உப்பு ஒரே உப்பு.

இன்னொண்டும் சொன்னார், அதுதான் நான் இந்த மொடலைத் தேடக் காரணம். பிளேட்டைத் தூக்கினா அதிட பாரம் முழுக்க முன் அக்சிலுக்கு முன்னால தொங்கும், அதால சின்ன எஃப் 150 எடுக்காம எஃப் 250 எடுத்தவராம், 1999க்குப் பிறகு வந்த அந்த ஃபோர் வீல் எஃப் 250ல முன்னுக்கு ஒரே துண்டா சொலிட் அக்சில் இருக்கு. பின்னால பொடியில மணல் மூட்டை போட்டுத்தான் ஓடுவார், இல்லாட்டி பின் சில்லு பிடிக்காது. எங்களுக்கு பாரம் பின்னால, ட்றெயிலர்ட மூக்கு வண்டிட பின் பக்கத்தை அமத்த முன் சில்லு லேசாகும், ஆனா யோசிக்க வேண்டியது ஒண்டுதான், பாரம் எங்க வருது, அதை எந்த அக்சில் தாங்குது. எல்என் 106ல முன்னுக்கும் சொலிட் அக்சில், முன்னுக்கும் பின்னுக்கும் வில்லுத்தகடு. குழியில விழுந்தா முதுகு நோகும், அது உண்மை, ஆனா தேயிற சாமான் குறைவு, வில் உடைஞ்சா திருகோணமலையிலேயே போட்டுத் தருவாங்கள்.

தேடினது நாலு மாசம். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டின பிறகு பழைய வண்டி விலையெல்லாம் ஏறினது எல்லாருக்கும் தெரியும், 2025 பெப்ரவரியில திரும்பத் திறந்தாலும் வரியைப் போட்டுப் பாத்தா புதுசு எங்களுக்கு எட்டாது. அதால எல்லாரும் பழசுக்கு பெயின்ட் அடிச்சு விக்கிறாங்கள். கடற்கரை ஊர்ல ஓடினதை நான் விட்டிட்டன். என்டது கந்தளாய்ப் பக்கம் வயல் வேலை செய்த வண்டி, வெளியில சுரண்டலும் நெளிவும், கதவுக்கு ரெண்டு கலர், ஆனா கீழ காஞ்ச சேறு மட்டும்தான். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் சின்னச் சுத்தியலும் கொண்டு போனனான். பின் வில்லு பூட்டுற இடம், கெபினுக்கும் பொடிக்கும் நடுவில வாற இடம், டேங்குக்கு மேல, இந்த மூண்டிலயும் தட்டினா மணி மாதிரிக் கேக்கோணும். "டொப்" எண்டா விட்டிட்டு வாங்கோ. அதுக்கு முதல் உப்புவெளியில பாத்த ஒண்டில கறுப்பு பெயின்டுக்கு மேல ஸ்க்ரூ டிரைவரை அமத்தினன், கரையான் அரிச்ச பலகைக்குள்ள போற மாதிரி பாதி உள்ள போட்டுது, விக்கிறவர் கதைக்காம நிண்டார்.

சேஸி நம்பரையும் அங்கயே பாருங்கோ, வலப்பக்க முன் சில்லுக்கு உள்ள சேஸியில அடிச்சிருக்கும், சிஆர் புத்தகத்தோட (வண்டிப் பதிவுப் புத்தகம்) ஒத்துப் பாக்கோணும். கறள் அந்த இலக்கத்தைத் தின்டிருந்தா எஞ்சின் தங்கமா இருந்தாலும் பேர் மாத்தப் போகேக்க பெரிய கரைச்சல்.

எஞ்சின்ல முக்கியமானது, நீங்க போக முதல் ஸ்டார்ட் பண்ணி வைக்க விடாதேங்கோ, பொனட்டில கை வச்சுப் பாருங்கோ, சூடா இருந்தா இன்னொரு நாள் போங்கோ. ஓடேக்க ஒயில் மூடியைக் கழட்டினா லேசா ஆவி வரும், புகை அடிச்சுக்கொண்டு வந்தா பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சு. டைமிங் பெல்ட் மாத்தினது எண்டு வாயால சொல்றதை நம்பேலாது, 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்திற சாமான், அறுந்தா வால்வு பிஸ்டன்ல அடிக்கும். நான் வாங்கி முதல் கிழமையே மாத்தினன். சாமான் கரைச்சலில்லை, இஞ்ச இல்லாட்டி கொழும்பில பஞ்சிகாவத்தையில இருக்கும்.

வேலையில எப்பிடி எண்டா, மணல்ல டயர் காத்தை 18 பிஎஸ்ஐக்கு இறக்கி, முன் சில்லு ஹப்பைப் பூட்டி, லோ ரேஞ்ச் முதல் கியர்ல விட்டா 19 அடி ஃபைபர் போட்டை எஞ்சினோட கிளச் மணக்காம இழுக்குது. றோட்டில மெதுவு. ஹபரணைப் பக்கம் பாரத்தோட போனா பஸ்ஸெல்லாம் வெட்டிக்கொண்டு போகும், கெபினுக்குள்ள சத்தம், பின் சீட்டில பெரிய ஆக்கள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல இருக்கேலாது. லீட்டருக்கு 9 கிலோமீட்டர் தருது, மணல்ல அதுவும் இல்லை. குடும்பத்தோட ஓட எண்டா இதை வாங்காதேங்கோ, வேலைக்கு எண்டா நான் திரும்பவும் இதைத்தான் வாங்குவன்.

ஆனா கழுவோணும். சூடான ஹப்பைக் கடல் தண்ணிக்குள்ள இறக்கினா உள்ளுக்குள்ள காத்து சுருங்கி சீல் வழியா உப்புத் தண்ணியை இழுக்கும், அதால நான் வண்டியைக் கெட்டி மணல்ல நிப்பாட்டி நீளக் கயித்தால ட்றெயிலரை மட்டும் இறக்கிறன். சேஸி உள்ளுக்குப் பெட்டி மாதிரி வெறுமையானது, கீழ சின்ன ஓட்டைகள் இருக்கு, அது மணல் அடைச்சா உப்பு உள்ளுக்கே நிண்டு தின்னும், ஒவ்வொரு தரமும் பைப்பை உள்ள விட்டு தெளிஞ்ச தண்ணி வரும் வரைக்கும் அடிக்கிறன். கிணத்துத் தண்ணி எங்கட பக்கம் கொஞ்சம் உவர், அதால குழாய்த் தண்ணிதான். போன மாசம் பாக்கேக்க பின் பிறேக் லைன்ல, கிளிப் பிடிக்கிற இடத்தில, நகத்தளவு கறள் தொடங்கியிருந்தது. வாடை தொடங்க முதல் அந்த லைனை முழுசா செப்பு நிக்கல் கலந்த பிறேக் குழாய்க்கு மாத்தச் சொல்லி கராஜில குடுத்திருக்கிறன்.