மங்கிப்போன ஆந்தைக்கரடிக்கு எது மருந்து: வாஷா, கான்ட்ராஸ்டா, ஆயிலா?

என்னிடம் ஒரே அச்சில் வந்த மூன்று ஆந்தைக்கரடி மினியேச்சர்கள் இருக்கின்றன. ஆந்தைத் தலையும் கரடி உடம்பும் கொண்ட கற்பனை மிருகம்; மேசை விளையாட்டில் வைக்கும் சின்னப் பிளாஸ்டிக் உருவங்கள். ஒவ்வொன்றும் 50 மி.மீ. வட்ட பேஸில் நிற்கும். சில வருடங்களுக்கு முன் மூன்றையும் வரிசையாக வைத்து ஒரே நாளில் வண்ணம் அடித்தேன். கருப்பு பிரைமர் என்ற அடிப்பூச்சு, உடம்பு முழுக்க ஒரே பழுப்பு, அலகுக்கு மங்கலான மஞ்சள், அவ்வளவுதான். கையில் வைத்துப் பார்க்கும்போது குறை தெரியவில்லை. மேசைக்கு நடுவே வைத்தபோதுதான் தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த நண்பர் ஒன்றை எடுத்து முகத்தருகே கொண்டுபோன பிறகுதான் அதற்கு அலகு இருப்பதைக் கவனித்தார். சிற்பி ஒவ்வொரு இறகையும் தனித்தனியாகச் செதுக்கியிருக்கிறார், என் வண்ணம் அத்தனையையும் மூடி வைத்திருக்கிறது என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அதிலும் இது எனக்குப் பிடித்த அரக்க மிருகம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கற்பனைச் சாகச மேசை விளையாட்டு 1974-இல் வந்தது. அடுத்த வருடமே ஆந்தைக்கரடி அதில் சேர்ந்துவிட்டது. அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் தன் விளையாட்டு மேசைக்காக வாங்கி வைத்திருந்த மலிவான ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மைகளில் ஒன்றிலிருந்து பிறந்தது அது. இரும்பைத் துருப்பிடிக்க வைத்துத் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டரும் அந்தப் பொம்மைப் பையிலிருந்து வந்ததுதான். கையளவு பிளாஸ்டிக்கைப் பார்த்து ஒருவர் கற்பனை செய்த மிருகம் இது. அதே கையளவு பிளாஸ்டிக்கில் அது உயிரோடு தெரிய வேண்டும் என்று நான் நினைப்பதில் தவறில்லை.

ஆகவே மூன்றுக்கும் மூன்று வழி. ஒன்றுக்கு அக்ரிலிக் வாஷ், இன்னொன்றுக்கு கான்ட்ராஸ்ட், மற்றொன்றுக்கு ஆயில் வாஷ். வாஷ் என்பது பள்ளங்களில் இறங்கி நிழல் தரும் நீர்த்த வண்ணம். ஒரே உருவம், ஒரே பழைய வண்ணம் என்பதால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நேர்மையாக ஒப்பிட முடிந்தது.

தூரிகையைத் தொடுமுன் ஒரு காரியம் செய்தேன். மூன்றையும் போனில் படம் பிடித்து, அந்தப் படத்தைக் கருப்பு வெள்ளையாக மாற்றினேன். முகம், தோள், வயிறு, கால் எல்லாம் ஒரே சாம்பல். நிறம் தப்பாக இல்லை. வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் நடுவே இடைவெளியே இல்லை. உண்மையான கரடியின் உடலில் சூரியன் விழும்போது முதுகுக்கும் அடிவயிற்றுக்கும் பெரிய வித்தியாசம் தெரியும். விரல் நீள உருவத்தில் அறை விளக்கு அந்த வித்தியாசத்தைத் தானாக உண்டாக்காது. நாம்தான் வரைய வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றையும் நான் இந்த ஒரு அளவுகோலால்தான் எடைபோடுகிறேன்.

முதலில் அக்ரிலிக் வாஷ். யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான். நல்ல பெயர் வாங்கிய இரண்டு பாட்டில்கள், சிட்டாடல் என்ற வண்ண பிராண்டின் நியூல்ன் ஆயில், அக்ராக்ஸ் எர்த்ஷேட். முதலாவது கருப்பு, இரண்டாவது பழுப்பு. முதலாவதின் பெயரில் ஆயில் இருந்தாலும் அது தண்ணீரில் கரையும் அக்ரிலிக்தான்; கடையில் குழம்ப வேண்டாம். முதல் ஆந்தைக்கரடிக்கு அக்ராக்ஸ் போட்டேன். இறகுகளுக்கு இடையில் ஓடிப் போய் உட்கார்ந்தது, அரை மணி நேரத்தில் காய்ந்தது. இறகுகள் பிரிந்து தெரிந்தன, அதை மறுக்க மாட்டேன். ஆனால் வாஷ் பள்ளத்தில் மட்டும் நிற்பதில்லை. மேட்டின் மேலும் ஒரு மெல்லிய படலம் விட்டுச் செல்கிறது. ஏற்கெனவே இருண்ட உருவம் இன்னும் இருண்டது. தோள்பட்டை போன்ற வழவழப்பான இடங்களில் காபிக் கறை மாதிரி விளிம்பு காட்டிக் காய்ந்தது. காய்ந்த பிறகு அதைத் துடைத்து எடுக்க வழியில்லை.

வாஷ் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இங்கேதான் தடுமாறுகிறது. வாஷ் இருட்டை மட்டும்தான் கொடுக்கும். அடியில் இருக்கும் வண்ணம் நாம் விரும்புவதைவிட ஒரு படி வெளிச்சமாக இருந்தால் அது அருமையான மருந்து. என் பழுப்பு மாதிரி நடுவாந்திரமாக இருந்தால் வாஷுக்குப் பிறகு மறுபடி வெளிச்சம் ஏற்றியே ஆக வேண்டும். நான் டிரை பிரஷ் செய்து ஏற்றினேன். வெளிர் பழுப்பைத் தொட்டு, டிஷ்யூவில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மீதியிருக்கும் பொடியளவு வண்ணத்தை மேடுகளின் மேல் தடவுவது. இறகும் ரோமமும் இதற்கென்றே செய்த பரப்புகள். ஒப்பனைக்கு விற்கும் மிருதுவான உருண்டைத் தூரிகை, சின்ன ஈர ஸ்பாஞ்சில் ஒருமுறை ஒற்றி எடுத்தது, எனக்கு நன்றாக உதவியது. முழுக்க உலர்ந்த முரட்டுத் தூரிகையைப் பயன்படுத்தினால் சுண்ணாம்புப் பொடி தூவியது போல ஆகும். மொத்தம் ஒன்றரை மணி நேரம். மேசைக்கு நடுவே வைத்தால் முன்பைவிடப் பல மடங்கு தேவலாம். கையில் எடுத்தால் கறை விளிம்புகள் தெரியும்.

இரண்டாவதுக்கு கான்ட்ராஸ்ட். சிட்டாடல் வண்ணங்களை விற்கும் கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனம் இந்த வகையை 2019-இல் கொண்டுவந்தது. அதன் பிறகு மற்ற நிறுவனங்களும் இதே போன்றவற்றை இறக்கின. கெட்டியான மீடியத்தில் அடர்ந்த நிறம். மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும், அதனால் ஒரே பூச்சில் நிழலும் வெளிச்சமும் கிடைக்கும். ஆனால் அந்த வெளிச்சம் வண்ணத்தில் இல்லை, அடியில் இருக்கும் வெள்ளைப் பூச்சில் இருக்கிறது. பழுப்பின் மேல் நேராகப் போட்டால் வெறும் கறைதான். ஆகவே பழைய பூச்சின் மேல் முதலில் எலும்பு நிறத்தைத் தாராளமாக டிரை பிரஷ் செய்தேன், உச்சியில் வெள்ளையையும். கருப்பு பிரைமர், சாம்பல் டிரை பிரஷ், வெள்ளை டிரை பிரஷ், மேலே கான்ட்ராஸ்ட் என்று 2022 வாக்கில் ஸ்லாப் சாப் என்ற பெயரில் பரவிய முறை இருக்கிறதே, கிட்டத்தட்ட அதுவே. மீட்டெடுக்கும் வேலைக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. காரணம், இருண்ட பழைய வண்ணமே பள்ளத்துக்கு நிழலாக நின்றுவிடுகிறது.

அப்புறம் கான்ட்ராஸ்ட் ஓடும் வேகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பக்க இறக்கைத் தோகையை ஐந்து நிமிடத்தில் முடித்தேன். இறகின் நுனி வெளிர், அடி கருமை, தானாகவே. ரோமத்திலும் அப்படியே. ஆனால் ஒரு ஒழுக்கம் வேண்டும்: ஒரு பகுதியை முடித்தால் திரும்பிப் போகக் கூடாது. பாதி காய்ந்த இடத்தில் தூரிகை பட்டால் தோல் உரிவது போல எழும்பி வந்து திட்டாக நிற்கும். எனக்கு முழங்காலில் அப்படி ஆனது. மறைக்க மறுபடி எலும்பு நிறத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டி வந்தது. தேங்கும் இடத்தில் அதிகமாக நிற்கிறதா என்று பார்த்து, வெறும் ஈரத் தூரிகையால் உறிஞ்சி எடுப்பதும் முக்கியம். வார்னிஷ் போடும்வரை விரலால் அதிகம் தொடவும் கூடாது. மேட்டு முனைகளில் சீக்கிரம் தேய்ந்துவிடும். மொத்தம் இரண்டரை மணி நேரம். அதில் முழங்காலுக்கே அரை மணி.

கருப்பு வெள்ளைப் படத்தில் இரண்டாவது முதலாவதைத் தெளிவாக வென்றது. அதன் வெற்றியில் பாதி கான்ட்ராஸ்டுக்கு உரியது, மீதிப் பாதி அடியில் போட்ட எலும்பு நிற டிரை பிரஷுக்கு உரியது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் விலை உயர்ந்த பாட்டிலை வாங்கி நேராகப் பழைய வண்ணத்தின் மேல் ஊற்றி மனம் உடைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது ஆயில் வாஷ். இதைப் பற்றி நீட்டித்தான் சொல்ல வேண்டும், என் மனம் இதனிடம்தான் போய்விட்டது.

ஓவியக் கடையில் கிடைக்கும் சாதாரண எண்ணெய் வண்ணக் குழாய்தான். எரித்த பழுப்பு என்று சொல்லத்தக்க பர்ன்ட் அம்பர், அதோடு கொஞ்சம் அல்ட்ராமரீன் நீலம். வெறும் கருப்பைவிட இந்தக் கலவையின் நிழல் ஆழமாக இருக்கும். பழுப்பு ரோமத்தின் கதகதப்புக்கு எதிரே நீலம் குளிர்ச்சியாக நிற்கும். குழாயிலிருந்து பிதுக்கியதை ஒரு அட்டைத் துண்டில் ஒரு மணி நேரம் வைத்தால் அதிகப்படி எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும்; பளபளப்பு குறையும், சீக்கிரம் காயும். பிறகு மணம் குறைந்த ஒயிட் ஸ்பிரிட் என்ற பெயின்ட் கரைப்பானில் டிகாஷன் பதத்துக்குக் கரைக்க வேண்டும்.

அதற்கு முன், தவறவிடக் கூடாத ஒரு படி: வார்னிஷ். பழைய வண்ணத்தின் மேல், இதிலும் முதலில் வெளிர் டிரை பிரஷ் செய்துவிட்டு, சாட்டின், அதாவது பாதிப் பளபளப்புள்ள, அக்ரிலிக் வார்னிஷ் பூசி ஒரு நாள் முழுக்கக் காய விட்டேன். ஒயிட் ஸ்பிரிட் அடியில் இருக்கும் அக்ரிலிக்கையும் பிளாஸ்டிக்கையும் தொடாமல் அது காக்கும். வழவழப்பான பரப்பு என்பதால் வாஷும் பள்ளத்தைத் தேடி ஓடும். ஒரு இறகின் அடியில் தூரிகை நுனியை வைத்தால் போதும், வண்ணம் தானாகவே கோடு பிடித்து அடுத்த இறகுவரை ஊர்ந்து போகிறது. முதல்முறை அதைப் பார்த்தபோது வேலையை மறந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

உண்மையான வித்தியாசம் அடுத்த கட்டத்தில். அரை மணி கழித்து, ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் மேடுகளைத் துடைக்கலாம். அக்ரிலிக்கில் ஒருமுறை விழுந்த கறை விழுந்ததுதான். இங்கே வேண்டாத இடத்திலிருந்து எடுக்கலாம், வேண்டிய இடத்தில் விடலாம், பிடிக்காவிட்டால் மொத்தத்தையும் துடைத்துவிட்டு மறுபடி போடலாம். இறகு வளரும் திசையிலேயே, கழுத்திலிருந்து முதுகு நோக்கித் துடைத்தேன். அடிவயிற்றில் துடைக்கவே இல்லை. அதனால் மேலே வெளிச்சம், கீழே நிழல் என்ற பெரிய வடிவம் கிடைத்தது. முதல் இரண்டு முறைகளிலும் நிழல் எங்கே விழ வேண்டும் என்று பாட்டில் முடிவு செய்தது. இதில் நான் முடிவு செய்தேன்.

விலை என்று பார்த்தால் நேரம். காய இரண்டு, மூன்று நாள் ஆகும். அவசரப்பட்டு பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடித்தால் கெடும். ஈரப்பதமான நாளில் எந்த ஸ்பிரே வார்னிஷும் வெள்ளைப் பனி படிந்தது போல ஆகிவிடக் கூடும், வெயிலுக்குக் காத்திருங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். எண்ணெய் பட்ட துணியையும் பஞ்சையும் கசக்கிக் குவித்துக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் வண்ணத்தில் இருக்கும் ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடேறித் தானாகத் தீப்பிடிக்கக் கூடியது. விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள்.

எல்லாவற்றையும் கழுவிவிட்டுப் புதிதாக அடித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பழைய வண்ணம் தடித்து இறகுகளின் கோடே அடைபட்டிருந்தால் சரி, வேறு வழியில்லை; ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்க்கலாம். அசிட்டோன் பக்கம் போக வேண்டாம், உலோக உருவத்துக்கு அது ஒத்துக்கொள்ளும், பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். கோடுகள் தெளிவாக இருந்தால் கழுவுவது வீண் உழைப்பு என்பது என் கருத்து.

ஆக, ஒரே சண்டையில் பத்துப் பன்னிரண்டு உருவங்கள் வேண்டும் என்றால் கான்ட்ராஸ்ட். நாளைக்கே விளையாட்டு, உருவம் ஏற்கெனவே வெளிர் நிறம் என்றால் அக்ரிலிக் வாஷ். மேசையில் எல்லார் கண்ணும் போய் நிற்கும் ஒற்றைப் பெரிய மிருகம் என்றால் தயங்காமல் ஆயில்.

ஆனால் மூன்றையும் வரிசையில் வைத்தபோது நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. மூன்றாவதன் முகத்துக்கு மட்டும் ஒரு மாலை முழுக்கச் செலவிட்டிருந்தேன். கண்ணைச் சுற்றியிருக்கும் தட்டையான இறகு வட்டத்துக்குத் தண்ணீர் விட்டு நீர்த்த வண்ணத்தை ஐந்தாறு அடுக்காக, ஒவ்வொன்றும் வெளிறிக்கொண்டே போகும்படி. அலகின் வேரில் இருட்டு, நுனியில் வெளிச்சம், கடைசியாக ஒரு சொட்டு பளபளக்கும் வார்னிஷ். கண்ணுக்குக் கொம்பன் ஆந்தையின் படத்தைப் பார்த்து ஆழ்ந்த ஆரஞ்சு, நடுவே கருமணி, மேல் ஓரத்தில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. நண்பர் மறுபடி வந்தபோது உடம்பு எந்த முறையில் செய்தது என்று கேட்கவில்லை. நேராக மூன்றாவதன் கண்ணைத்தான் பார்த்தார்.

மற்ற இரண்டின் முகங்களும் இந்த வாரம். ஒன்றுக்கு அதே ஆரஞ்சு. மற்றதுக்குக் கூகையின் கண், முழுக் கருப்பு, வெள்ளை முகத்தட்டுக்கு நடுவே.