பகல்ல வந்து போறவங்களா, ராத்திரி தங்கறவங்களா? எங்க தோப்புல எது கட்டுபடியாச்சு

ஆனைமலை பக்கம் நாலு ஏக்கர் தென்னந்தோப்பு, ரெண்டு மாடு, எட்டு ஆடு, கூடவே நாலு வயசுல ஒண்ணு ஒன்றரை வயசுல ஒண்ணுன்னு ரெண்டு வாண்டு. வீட்டுக்காரர் திருப்பூர் வேலைய விட்டுட்டு வந்து தோட்டத்த விசிட்டர்களுக்கு திறக்கலாம்னு சொன்னப்ப ரெண்டு வழி இருந்துச்சு, தங்க ரூம் விடறது, இல்ல சாயங்காலமே கிளம்பற மாதிரி டே விசிட். ரெண்டையும் பண்ணிப் பாத்துட்டோம்ங்க, இப்ப டே விசிட் மட்டும்தான்.

காசுன்னு பாத்தா ரூம்தான் பெருசா தெரியும். ஒரு ராத்திரிக்கு 2,500 வாங்கினோம், டே விசிட்டுக்கு சாப்பாடு சேத்தே தலைக்கு 450தான். ஆழியார், டாப்ஸ்லிப், வால்பாறை எல்லாம் கிட்டங்கறதால ரூமுக்கு ஆள் கிடைக்கறதும் கஷ்டமில்ல. டாய்லெட் எதுக்குன்னாலும் சுத்தமா இருக்கணும், அதுல பேச்சே இல்ல. பம்ப்செட்டுக்கு வர்ற இலவச கரண்ட்ட ரூமுக்கு இழுக்கக்கூடாது, தனி சர்வீஸ் வாங்கணும், அந்த பில் வேற.

எங்கள கவுத்தது போர்வை. சிரிக்காதீங்க. ஆள் மாறினா பெட்ஷீட், போர்வை, தலகாணி உறை, துண்டுன்னு அத்தனையும் துவைக்கணும், சித்திரைல கொடில போட்ட கொஞ்ச நேரத்துல காஞ்சிரும், ஆனி ஆடில பாலக்காட்டு கணவாய் வழியா காத்தும் சாரலும் வந்துட்டே இருக்கும், மூணு நாளானாலும் ஈர நாத்தம் போகாது, அத்தை அடுப்பங்கரைல கொடி கட்டி காயப்போட்டாங்க, வந்தவங்க போர்வைல புகை வாசம் அடிக்குதுன்னுட்டாங்க. அருவில தண்ணி கொட்டுதுன்னு கூட்டம் வர்றதும் அதே மாசத்துலதான்!

அப்புறம் தூக்கம். வால்பாறை போயிட்டு 40 கொண்டை ஊசி வளைவு இறங்கி ராத்திரி ஒம்பதரைக்கு வந்து தோசை கிடைக்குமாங்கன்னு கேப்பாங்க, பாவம் அவங்கள குத்தம் சொல்ல முடியாது, ஆனா நான் நாலரைக்கு பால் கறக்க எந்திரிக்கணும், சின்னது நடுவுல ரெண்டு தடவ அழுவும்.

டே விசிட் பத்து டு அஞ்சு. வந்ததும் மோரு, ஆட்டுக்குட்டிக்கு தழை போடறது, மோட்டார் தொட்டில பசங்க ஆட்டம், மதியம் அரிசிம்பருப்பு சாதத்துல நெய்ய ஊத்தி, மூணரைக்கு பால் கறக்கறத பாக்கறது. ஒரு பையன் மாட்டு மூக்க தொட்டுட்டு ஈரம்னு சட்டைல துடைச்சான், துடைச்சுட்டு திரும்ப தொட்டான், கிளம்பற வரைக்கும் இதே வேலை. போறப்ப தேங்கா, நெய் வாங்கிட்டுப் போவாங்க. அஞ்சு மணிக்கு கேட்ட சாத்தினா அது எங்க வீடு.

எதுவா இருந்தாலும் மரம் ஏறுறவர் செலவு உண்டு. தொட்டிய சுத்தியும் சாளைக் கொட்டகைய சுத்தியும் நெத்துத் தேங்காயையும் காஞ்ச மட்டையையும் வெள்ளிக்கிழமையே இறக்கிடறோம். நமக்கு மேல பாத்து நடக்கற பழக்கம் இருக்கு, வர்ற குழந்தைங்களுக்கு ஏது?

ஆனா நாங்க ஒரே ரூம எட்டு மாசம்தான் ஓட்டினோம், ஆள் வச்சு துணிய லாண்டரிக்கு குடுக்கறவங்களுக்கு கணக்கு வேற மாதிரி வரலாம். டே விசிட்லயும் வாரநாள்ல ஈயாடுது, ஸ்கூல் டூர் இதுவரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான் வந்துருக்கு.

அந்த ரூம்ல இப்ப தேங்கா கிடக்கு. சின்னது ஸ்கூலுக்கு போனதும் மறுபடி திறக்கலாம்ங்கறாரு இவரு, போர்வை நீங்க துவைக்கறதுன்னா சரின்னு சொல்லிருக்கேன்.